உறைய வைத்த கருவும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருவை உறைய வைத்துவிட்டுக் காத்திருக்கும் நாட்கள் நீளமானவை. செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் கவனமெல்லாம் மாத்திரை மேல் போய் நிற்கிறது. கருவியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என்னிடம் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் விவரமெல்லாம் தெரிந்த டாக்டர் சொல்வதற்கு இது மாற்று இல்லை. அவரிடம் எதைக் கேட்பது என்று தெளிவு கிடைத்தால் போதும்.

ஆன்டிஆக்சிடன்ட் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. உண்மையில அது என்னதான் செய்யும்?

நம் செல்கள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. அங்கே சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமான பொருட்கள் எப்போதும் கொஞ்சம் உண்டாகிக்கொண்டே இருக்கும். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் சேர்த்து ஃப்ரீ ராடிக்கல் என்கிறார்கள். அளவு மீறினால் இவை செல்லின் சவ்வையும் புரதத்தையும் டிஎன்ஏவையும் தாக்கும். அவற்றை அடக்கி வைப்பவைதான் ஆன்டிஆக்சிடன்ட்கள்.

இந்தக் காவலில் பெரும்பகுதியை உடம்பு தானே செய்துகொள்கிறது. குளூட்டாதயோன், கேட்டலேஸ், சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் எல்லாம் செல்லுக்குள்ளேயே தயாராகின்றன. மாத்திரையாக வரும் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, செலினியம், கோஎன்சைம் க்யூ10, என்-அசிட்டைல் சிஸ்டீன், கார்னிட்டின், மெலடோனின் முதலியவை அந்தக் காவலுக்குத் துணை.

எங்க கரு ஃப்ரீசர்ல இருக்கு. நான் இப்போ மாத்திரை சாப்பிட்டா அதோட தரம் கூடுமா?

கூடாது. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்பவர்களின் முகத்தில் இருக்கும் நம்பிக்கையைப் பார்க்கும்போது இந்தப் பதிலைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நேராகச் சொல்லிவிடுவதுதான் நல்லது. உங்கள் கரு மைனஸ் 196 டிகிரி செல்சியஸில், திரவ நைட்ரஜனில் இருக்கிறது. உங்கள் ரத்தத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நீங்கள் விழுங்கும் எதுவும் அதைப் போய்ச் சேராது.

அந்தக் குளிரில் கருவுக்குள்ளும் எதுவும் நடப்பதில்லை. செல் பிரிவதில்லை, ஆற்றல் எடுப்பதில்லை, அதனால் ஃப்ரீ ராடிக்கலும் உண்டாவதில்லை. ஆகவே எந்தச் சத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் முதலில் "எது நல்லது" என்று கேட்காமல், "எப்போது சாப்பிட்டால் அது எதைப் போய்ச் சேரும்" என்று கேளுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

ரிப்போர்ட்ல 4பிபி-ன்னு போட்டிருக்கு. டிரான்ஸ்பர் அன்னைக்கு, அதாவது கருவைக் கருப்பையில வைக்கிற அன்னைக்குப் பார்க்கும்போது 4ஏஏ ஆக வாய்ப்பு இருக்கா?

எண், பிளாஸ்டோசிஸ்ட், அதாவது ஐந்தாறு நாள் வளர்ந்த கரு, எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. முதல் எழுத்து குழந்தையாக வளரப்போகும் உள்செல் கூட்டத்துக்கு, இரண்டாவது எழுத்து நஞ்சுக்கொடியாகப்போகும் வெளிச்செல் அடுக்குக்கு. உறைந்திருக்கும்போது இந்த எழுத்துகள் மாற வழியில்லை, காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது. பிபி என்றதும் மனம் உடைய வேண்டாம். அந்தத் தரக் கருக்களிலிருந்தும் ஆரோக்கியமான குழந்தைகள் பிறக்கிறார்கள்.

வருஷக்கணக்கா உள்ளேயே இருந்தா கெட்டுப் போயிடாதா?

உறைந்த கருவிலிருந்து உலகின் முதல் குழந்தை 1984 இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. 1992 இல் உறைய வைத்த கருக்களிலிருந்து 2022 இல் அமெரிக்காவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். அதுவும் பழைய, மெதுவாகக் குளிர்விக்கும் முறையில் உறைய வைத்த கருக்கள். கருவின் வயது என்பது முட்டை எடுத்த அன்று அந்தப் பெண்ணுக்கு இருந்த வயதுதான். அது அப்படியே நிற்கிறது.

உறைய வைக்கும்போதே கருவுக்கு அடி படும்னு சொல்றாங்களே?

உறைந்து இருக்கும்போது ஆபத்து இல்லை, ஆனால் உள்ளே போகும் நிமிடங்களும் வெளியே வரும் நிமிடங்களும் கருவுக்குச் சோதனைதான். செல்லுக்குள் இருக்கும் நீர் பனிப்படிகமாக மாறினால் செல் கிழிந்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் விட்ரிஃபிகேஷன் முறை. எத்திலீன் கிளைக்கால், டிஎம்எஸ்ஓ, சுக்ரோஸ் போன்றவை கலந்த கரைசலில் கருவை வைத்து நீரை வெளியேற்றி, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான டிகிரி வேகத்தில் குளிர்விப்போம். படிகம் உருவாக நேரமே கிடைக்காது, கண்ணாடி போல இறுகிவிடும். எலிக் கருக்களில் இதைச் செய்துகாட்டியது 1985 இல்.

இதில் கரு சுருங்குகிறது, விரிகிறது, அடர்த்தியான ரசாயனத்தைத் தாங்குகிறது. மறுபடி சூடாக்கும்போது நின்றுபோயிருந்த மைட்டோகாண்ட்ரியா ஒரேயடியாக வேலையைத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் ஃப்ரீ ராடிக்கல் கூடுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனாலும் நல்ல ஆய்வகங்களில் பிளாஸ்டோசிஸ்ட்கள் 100க்கு 90க்கு மேல் உயிரோடு மீள்கின்றன. மீண்ட கரு இரண்டு மூன்று மணி நேரத்தில் திரும்ப விரியத் தொடங்கினால் எங்களுக்கு நிம்மதி. நாங்கள் மைக்ரோஸ்கோப்பில் காத்திருந்து பார்ப்பது அதைத்தான்.

அப்போ அந்த நேரத்துல ஆன்டிஆக்சிடன்ட் குடுத்தா உதவுமே?

உதவலாம். ஆனால் கொடுக்க வேண்டியது உங்களுக்கு இல்லை, கரு மிதக்கும் கரைசலுக்கு. வெளியே நடக்கும் பேச்சில் இந்த வித்தியாசம்தான் தொலைந்துபோகிறது. "ஆன்டிஆக்சிடன்ட் உறைந்த கருவுக்கு நல்லது" என்று எங்காவது படித்திருந்தால், அது பெரும்பாலும் ஆய்வகக் கரைசலைப் பற்றிய செய்தியாக இருக்கும். படிப்பவர் அதை மாத்திரை என்று எடுத்துக்கொள்கிறார்.

அசிட்டைல் கார்னிட்டின், என்-அசிட்டைல் சிஸ்டீன், ஆல்ஃபா லிபோயிக் அமிலம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தொடர்ந்து சோதித்து வருகிறார்கள். உறைய வைக்கும் கரைசலிலும் மீட்கும் கரைசலிலும் இவற்றைச் சேர்த்தபோது எலி பிளாஸ்டோசிஸ்ட்கள் பிழைப்பதும் அதன்பிறகு வளர்வதும் மேம்பட்டன என்று 2020 இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு மனிதக் கருக்களிலும் ஒரு சோதனை முடிவு வந்தது. ஒரே பெண்ணின் முட்டைகளைப் பிரித்து, ஒரு பாதியை இந்த மூன்றும் சேர்ந்த வளர்ப்புக் கரைசலிலும் மறுபாதியைச் சாதாரணக் கரைசலிலும் வளர்த்தார்கள். 35 முதல் 40 வயதுப் பெண்களில், சேர்த்து வளர்த்த கருக்கள் கருப்பையில் பதிவது கூடுதலாக இருந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனாலும் ஒரு சோதனையை வைத்து எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இதைவிட உறுதியாகச் சொல்லக்கூடியது ஆக்சிஜன் அளவு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். கருக்குழாய்க்குள் அது 2 முதல் 8 சதவீதம்தான். அதனால் இன்குபேட்டரில் 5 சதவீதம் வைத்துக் கருவை வளர்த்தால் பலன் கூடுகிறது என்பதைப் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளும் சொல்கின்றன. ஃப்ரீ ராடிக்கல் உண்டான பிறகு அடக்குவதைவிட, உண்டாகாமலே பார்த்துக்கொள்வது நல்லதுதானே. உங்கள் மையத்தில் "கருவை எத்தனை சதவீத ஆக்சிஜனில் வளர்க்கிறீர்கள், உறைய வைத்தவற்றில் எத்தனை மீள்கின்றன" என்று தயங்காமல் கேளுங்கள். சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

முட்டை எடுக்கறதுக்கு முன்னாடி சாப்பிட்டா பலன் உண்டா? எத்தனை மாசம் முன்னாடி?

மாத்திரைக்கு ஓரளவு அர்த்தம் இருக்கும் காலம் இதுதான். முட்டை தன் கடைசிக் கட்ட வளர்ச்சியை முடிக்கச் சுமார் மூன்று மாதம் ஆகிறது. அந்த மாதங்களில் உங்கள் ரத்தத்தில் இருப்பது முட்டையைச் சுற்றியுள்ள திரவத்தையும் எட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. கருவின் மைட்டோகாண்ட்ரியா முழுவதும் தாயின் முட்டையிலிருந்தே வருகிறது. பிளாஸ்டோசிஸ்ட் ஆகும்வரை புதிதாகப் பெருகுவதும் இல்லை. அதாவது முட்டை கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றை வைத்துத்தான் கரு முதல் சில நாட்களைக் கடக்கிறது, உறைந்து மீளும்போதும் அதுவே அதற்குத் தெம்பு. ஆகவே உறைய வைக்கும் கரு நன்றாக இருக்க வேண்டும் என்றால் கவனம் அதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே வேண்டும். சிகரெட்டை விடுவது, மது தவிர்ப்பது, சர்க்கரை, தைராய்டு, உடல் எடை ஆகியவற்றைச் சீராக்குவது எல்லாம் அந்தக் கவனத்தில் சேரும். சிகரெட் ஒன்றே முட்டைக்கும் விந்தணுவுக்கும் தரும் ஆக்சிஜனேற்றச் சேதம் பெரிது. அதை விடாமல் மாத்திரை போடுவதில் பிரயோசனம் இல்லை.

கோஎன்சைம் க்யூ10 சாப்பிடச் சொன்னாங்க. நம்பலாமா?

மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் எடுக்கும் சங்கிலியில் இதற்கு நேரடி வேலை உண்டு, அதனால் எண்ணம் நியாயமானதே. வயதான எலிகளுக்குக் கொடுத்தபோது முட்டைகளின் தரம் மேம்பட்டதாக 2015 இல் ஓர் ஆய்வு வந்தது. முட்டை இருப்பு குறைந்த இளம் பெண்களிடம் சீனாவில் நடந்து 2018 இல் வெளியான சோதனையில், இதைச் சாப்பிட்டவர்களுக்கு முட்டைகள் கூடுதலாகக் கிடைத்தன, உறைய வைக்கக் கரு மிஞ்சியவர்களும் கூடுதலாக இருந்தார்கள். குழந்தை பிறப்பில் மட்டும் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை.

என் அபிப்பிராயம் இது: முட்டை எடுக்கப் போகிறவருக்கு, முக்கியமாக இருப்பு குறைந்தவருக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்தால் சாப்பிடுவதில் தவறில்லை. கரு ஏற்கெனவே உறைந்திருக்க, டிரான்ஸ்பருக்காக மட்டும் காத்திருப்பவர் இதைத் தொடர்வதற்குக் காரணம் தெரியவில்லை. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் தொடங்கவே கூடாது.

மெலடோனின்?

முட்டையைச் சுற்றியுள்ள திரவத்தில் இயல்பாகவே இருப்பது, நல்ல ஆன்டிஆக்சிடன்டும்கூட. ஆனால் ஐவிஎஃப் செய்யும் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த, 2018 இல் வெளியான ஆஸ்திரேலியச் சோதனையில் கர்ப்பம் தங்குவது கூடவில்லை. தூக்கம் வரவைக்கும் ஹார்மோன் என்பதால் இதை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

எனக்கு 39 வயசு. மாத்திரை சாப்பிட்டா குரோமோசோம் கோளாறு உள்ள கரு வர்றது குறையுமா?

குறையும் என்று காட்டிய சான்று இல்லை. முட்டைகள் நீங்கள் பிறப்பதற்கு முன்பே உருவானவை. குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கோஹீசின் என்ற புரதம் பல ஆண்டுகளில் தளர்ந்துபோகிறது, அதனால் பிரியும்போது கணக்குத் தவறுகிறது. மூன்று மாத மாத்திரை அந்தத் தளர்ச்சியைப் பின்னோக்கித் திருப்பாது. ஏற்கெனவே உருவான கருவில் ஒரு குரோமோசோம் கூடவோ குறையவோ இருந்தால் எந்தச் சத்தும் அதைச் சரிசெய்யாது. இதற்காக உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். சாப்பிட்டது, சாப்பிடாததால் வந்தது இல்லை இது.

மாத்திரை வேணும்னா எனக்கா, என் வீட்டுக்காரருக்கா?

விந்தணுதான் ஆக்சிஜனேற்றச் சேதத்துக்கு எளிதில் இலக்காவது. அதன் சவ்வில் சட்டென்று பாதிக்கப்படும் கொழுப்பு அதிகம், உள்ளே காவல் என்சைம்கள் வைத்துக்கொள்ள இடமே குறைவு. டிஎன்ஏ முறிவு கொஞ்சம் இருந்தால் முட்டை பழுதுபார்த்துவிடும். அதிகமானால், கருவின் சொந்த மரபணுக்கள் வேலையைத் தொடங்கும் மூன்றாம் நாளுக்குப் பிறகு வளர்ச்சி தடுமாறலாம். உறைய வைக்கப் பிளாஸ்டோசிஸ்ட் கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் மாத்திரை இதைச் சரிசெய்யும் என்ற எதிர்பார்ப்பு பெரிய சோதனைகளில் நிலைக்கவில்லை. அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் நடந்து 2020 இல் வெளியான சோதனையில் ஆண்களுக்கு ஆறு மாதம் தினமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் கொடுத்தார்கள். குழந்தை பிறப்பு கூடவில்லை. டிஎன்ஏ முறிவு சற்றுக் கூடியிருந்தது, வயிற்றுத் தொந்தரவும் அதிகம். அதே ஆண்டு வந்த இன்னொரு சோதனையில் வைட்டமின் சி, ஈ, செலினியம், கார்னிட்டின் எல்லாம் சேர்ந்த கலவைக்கும் பலன் தெரியவில்லை.

விந்தணு உருவாக 74 நாள், முதிர்ந்து வெளிவர மேலும் சில நாள் ஆகும். ஆகவே அவருக்கும் அதே மூன்று மாதக் கணக்குதான். புகை, விரைப்பையில் சூடு, வேரிகோசீல் என்ற விரைப்பை ரத்தநாள வீக்கம், கவனிக்காத தொற்று இவற்றைப் பார்ப்பது முதல் வேலை. சரி, கரு ஏற்கெனவே உறைந்துவிட்டதா? அப்படியானால் அந்தக் கருவுக்காக அவர் எதுவும் விழுங்க வேண்டியதில்லை.

அடுத்த மாசம் டிரான்ஸ்பர். கருவுக்கு இல்லைன்னாலும் கருப்பைக்காவது பலன் கிடைக்குமே?

இந்தக் கட்டத்தில் கருப்பை உட்சவ்வைத் தயார் செய்வது ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும்தான், அவற்றை நேரம் தவறாமல் எடுப்பதுதான் முக்கியம். சத்து மாத்திரைகளில் கட்டாயம் வேண்டியது ஃபோலிக் அமிலம். பொதுவாகத் தினமும் 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு முன்பிருந்து 12 வாரம் வரை. இது குழந்தையின் தண்டுவடக் குறையைத் தடுக்க. கரு பதிவதற்காக என்று நினைத்து, பதிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். ரத்தசோகை, வைட்டமின் டி குறைவு இருந்தால் அதற்கான மாத்திரையும் தொடரட்டும்.

கரு பதிந்த பிறகு முதல் 10, 12 வாரம்வரை அதற்குக் கிடைக்கும் ஆக்சிஜனை உடம்பே குறைத்து வைத்திருக்கிறது. நஞ்சுக்கொடிச் செல்கள் தாயின் ரத்தக் குழாய் வாய்களை அடைத்து நிற்கின்றன. அதற்குமேல் மாத்திரைக் காவல் கூட்டினால் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ரத்த அழுத்தச் சிக்கல் வர வாய்ப்புள்ள சுமார் 2,400 கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் சோதனை 2006 இல் வெளிவந்தது. சிக்கல் குறையவில்லை, எடை குறைந்த குழந்தைகள்தான் கூடுதலாகப் பிறந்தன.

சத்துதானே, கொஞ்சம் அதிகமா சாப்பிட்டா என்ன ஆகிடப் போகுது?

ஆகும். ஃப்ரீ ராடிக்கல் முழுக்க எதிரி இல்லை. கருமுட்டை வெடித்து வெளிவரவும், விந்தணு முட்டைக்குள் நுழையத் தகுதி பெறவும் அவை கொஞ்சம் வேண்டும். எலிகளின் முட்டைப்பையில் அவற்றைத் துடைத்தெடுத்தபோது முட்டை வெளிவருவதே குறைந்துபோனது.

அளவு விஷயத்தில் நான் பயப்படுவது வைட்டமின் ஏ பற்றி. ரெட்டினால் வடிவில் தினமும் 10,000 யூனிட்டுக்கு மேல் போனால் குழந்தைக்குப் பிறவிக் குறை வரும் ஆபத்து உண்டு. செலினியத்துக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் உச்ச வரம்பு தினமும் 400 மைக்ரோகிராம். அதிக அளவு வைட்டமின் ஈ, ஆஸ்பிரினோடும் ஹெப்பாரினோடும் சேர்ந்தால் ரத்தக்கசிவைக் கூட்டலாம். டிரான்ஸ்பர் சமயத்தில் பலர் அந்த மருந்துகளில் இருப்பார்கள். மூன்று விதமான டப்பாவில் ஒரே சத்து இருப்பதும் சாதாரணம். எல்லா லேபிளையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள்.

பிளட் டெஸ்ட்டுக்கு முன்னாடி எதையாவது நிறுத்தணுமா?

பயோட்டினை. முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் 5, 10 மில்லிகிராம் இருக்கும். ஒரு நாள் தேவையோ வெறும் 30 மைக்ரோகிராம். சில வகை ஹார்மோன் பரிசோதனைகள் பயோட்டினை வைத்தே இயங்குவதால் முடிவு புரண்டுவிடும். புரோஜெஸ்டிரோனும் ஈஸ்ட்ரோஜனும் இருப்பதைவிட அதிகமாகவும், கர்ப்பத்தைக் காட்டும் பீட்டா எச்சிஜி குறைவாகவும் வரலாம். அதை நம்பி மருந்தின் அளவை மாற்றினால் பாதிக்கப்படுவது உங்கள் டிரான்ஸ்பர். அதிக அளவு எடுப்பவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு, ரத்தம் கொடுக்கும்போது ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள்.

என் தோழிக்கு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டுத்தான் இரண்டாவது டிரான்ஸ்பர்ல கர்ப்பம் நின்னுச்சாம். அப்போ பலன் இருக்குன்னுதானே அர்த்தம்?

அவருக்கு நின்றதில் எனக்கும் சந்தோஷம். ஆனால் உறைந்த கருவை மாத்திரை எட்டாது என்பதை மேலேயே பார்த்தோம். முதல் முறை வைத்தது ஒரு கரு, இரண்டாம் முறை வைத்தது வேறு கரு. மாத்திரை இல்லாமலும் பலருக்கு இரண்டாவது முறை நிற்கிறது.

இருந்த கருவெல்லாம் முடிஞ்சு போச்சு. மறுபடி முட்டை எடுக்கப் போறோம். இந்தத் தடவை என்ன செய்யலாம்?

முதலில், வருத்தப்பட நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு போன முறை நடந்ததை ஆய்வகத்தோடு உட்கார்ந்து பாருங்கள். முட்டைகள் முதிராமல் இருந்தனவா, மூன்றாம் நாளுக்குப் பிறகு கருவின் வளர்ச்சி நின்றதா, உறைநிலையிலிருந்து மீளாமல் போனதா, நன்றாக மீண்டு வந்த பிறகும் பதியவில்லையா? முதிராத முட்டை என்றால் ஊசி மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற யோசிப்பார்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு வளர்ச்சி நின்றிருந்தால் விந்தணுவின் டிஎன்ஏ முறிவைப் பார்ப்பது பொருத்தம். மீளவில்லை என்றால் கேள்வி ஆய்வகத்துக்கு. பதியவில்லை என்றால் கருவின் குரோமோசோமும் கருப்பையும்.

மாத்திரை பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும். சாப்பிடுவது என்று முடிவானால் இருவருக்கும் மூன்று மாதம் முன்பே தொடங்கி, டாக்டர் எழுதிய ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். காய், பழம், கீரை, பருப்பு, கொட்டைகள் உள்ள சாப்பாட்டை மட்டும் எந்த மாதமும் விட வேண்டாம். முட்டை எடுக்கும் நாளில் எந்த மாத்திரை, எத்தனை நாளாக, என்ன அளவில் என்று ஒரு தாளில் எழுதி எங்களிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை எதையாவது கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருந்தால் அந்தத் தாள் கையில் இருக்கும்.